ஓவர்ஷூட் எவ்வளவு? ஸ்கோப்பிடமே கேட்பதா, அலையை இறக்கி நாமே கணக்கிடுவதா?

மேசையில் 200 போர்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு 3.3 வோல்ட் சப்ளை. ஆன் செய்த நொடியில் அது 3.3-ஐத் தாண்டி எவ்வளவு எகிறுகிறது (இதுதான் ஓவர்ஷூட்) என்று பார்க்க வேண்டும். 5 சதவீதத்தைத் தாண்டினால் போர்டு திரும்பிப் போகும். முதல் பத்தை ஸ்கோப்பில், அதாவது வோல்ட்டேஜை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில், கர்சர் நகர்த்திக் கையாலேயே அளந்துவிடலாம். பதினோராவதில் கண் எரியும். அப்போதுதான் ஸ்கோப்பின் முதுகில் இருக்கும் லேன் (நெட்வொர்க்) சாக்கெட் ஞாபகத்துக்கு வரும்.

கேபிளை மாட்டி, பைத்தானில் கருவிகளோடு பேச உதவும் பைவிசா நூலகத்தை நிறுவி, "நீ யார்?" என்று ஸ்கோப்பைக் கேட்டுப் பதில் வாங்குவது அரை நாள் வேலை. யுஎஸ்பியா, லேனா, பழைய ஜிபிஐபி கருவிக் கேபிளா என்று அதிகம் குழம்ப வேண்டாம். மேசை பக்கத்திலேயே இருந்தால் யுஎஸ்பி, அடுத்த அறையில் இருந்தால் லேன். குழப்பம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது: ஓவர்ஷூட் எண்ணை யார் கணக்கிடுவது? ஸ்கோப்பா, நமது ஸ்கிரிப்டா? நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் வெவ்வேறு வேலைகளில் பயன்படுத்தியிருக்கிறேன், நான்கிலும் ஏமாந்துமிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

பாடப்புத்தகச் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்:

(உச்சம் − மேல்நிலை) ÷ (மேல்நிலை − அடிநிலை) × 100

அடிநிலை என்பது அலை எழும் முன் இருந்த மட்டம். உச்சம் எது என்பதில் அதிகம் சண்டை வராது. அலை நிலைகொண்ட பிறகு நிற்கும் மட்டமாகிய மேல்நிலை எது என்பதில்தான் பெரிய சண்டை. ஒரு போர்டு 3.35 வோல்ட்டில் நிலைகொள்கிறது, வழியில் 3.47 வரை போய் வருகிறது என்று வையுங்கள். சூத்திரப்படி ஓவர்ஷூட் சுமார் 3.6 சதவீதம், போர்டு பாஸ். ஆனால் விவரக்குறிப்பு எழுதியவர் மனதில் இருந்தது "3.3-இல் 5 சதவீதம்", அதாவது 3.465 வோல்ட் என்ற கோடு என்றால் அதே போர்டு ஃபெயில். முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். இதைத் தீர்க்காமல் நிரல் எழுத உட்கார்ந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி முதலிலிருந்து.

மற்ற அளவுகோல்கள்: ஒரு நாளைக்கு எத்தனை அளவீடு? சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அலைவடிவம் கையில் இருக்க வேண்டுமா? நாளை ஸ்கோப்பை மாற்றினால் எண்ணும் மாறினால் பரவாயில்லையா? நீங்கள் விடுப்பில் போனால் ஸ்கிரிப்டை யார் பார்ப்பார்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மறைமுகச் செலவில் பெரும்பகுதி அதில்தான் போகும்.

## வழி 1: "ஓவர்ஷூட் என்ன?" என்று ஒரே வரியில் கேட்பது

அநேகமாக எல்லா டிஜிட்டல் ஸ்கோப்பிலும் ஓவர்ஷூட் அளவீடு உள்ளேயே இருக்கிறது. ஸ்கோப் தயாரிக்கும் நிறுவனங்களில் கீசைட்டில் மெஷர்-ஓவர்ஷூட் என்று ஒரே கேள்வி. ரிகோலில் மெஷர்-ஐட்டம் என்று கேட்டு, எந்த ஐட்டம், எந்தச் சேனல் என்று சொல்ல வேண்டும். டெக்ட்ரானிக்ஸில் முதலில் அளவீட்டின் வகையை வைத்துவிட்டு, அப்புறம் மதிப்பைக் கேட்க வேண்டும். 1990-இல் வந்த ஸ்கிப்பி (அளவீட்டுக் கருவிகளுக்கான கட்டளை மொழி) தரநிலை எல்லோருக்கும் இலக்கணத்தைப் பொதுவாக்கியது. சொற்கள் இன்னும் வீட்டுக்கு வீடு வேறுதான்.

பத்து வரி ஸ்கிரிப்ட், சட்டென்று பதில். புதிதாக வந்தவர்கூடப் படித்துப் புரிந்துகொள்வார். அதனால் தொடக்கத்தில் எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள். தப்பில்லை.

இதில் பொதிந்திருக்கும் சிக்கல், ஒரே பெயரில் வெவ்வேறு அளவீடுகள் இருப்பது. கீசைட்டின் இன்ஃபினிவிஷன் ஸ்கோப்புகள் தேர்ந்தெடுத்த விளிம்புக்குப் (அலை சட்டென்று ஏறும் அல்லது இறங்கும் இடம்) பிறகு, அடுத்த விளிம்பு வரையுள்ள தூரத்தில் பாதிவரை மட்டும் உச்சத்தைத் தேடும். அது இறங்கு விளிம்பாக இருந்தால் உச்சத்துக்குப் பதில் பள்ளத்தை எடுத்துக்கொள்ளும். டெக்ட்ரானிக்ஸில் மேல்நோக்கியது, கீழ்நோக்கியது என்று இரண்டு தனி அளவீடுகள். தேடும் பகுதியைக் குறிக்கும் கேட்டை நாம் வைக்காவிட்டால் முழு அலையின் அதிகபட்சமே உச்சம். பவர் சுவிட்சைப் போடும்போது விளிம்புக்கு வெகுதூரம் தள்ளி ஒரு ஊசி போன்ற ஸ்பைக் வந்தால், முதல் ஸ்கோப் அதைக் கண்டுகொள்ளாது, இரண்டாவது அதையே ஓவர்ஷூட் என்று சொல்லும். இரண்டும் அதனதன் கையேட்டின்படி சரியாகவே நடந்துகொள்கின்றன.

மேல்நிலையை ஸ்கோப் கண்டுபிடிப்பது ஹிஸ்டோகிராம் மூலம்: எந்த வோல்ட்டேஜில் அதிகப் புள்ளிகள் குவிந்திருக்கின்றனவோ அதுதான் மட்டம். சதுர அலைக்கு அருமையான வழி. ஆனால் ரிங்கிங் (விளிம்புக்குப் பின் வரும் அதிர்வு) அடங்குவதற்குள் திரை முடிந்துவிட்டால் குவியல் தப்பான இடத்தில் விழும். சில ஸ்கோப்புகளில் மேல்-கீழ் நிலைகளை எப்படி எடுப்பது என்ற அமைப்பில் "குறைந்தபட்சம்-அதிகபட்சம்" என்றும் ஒரு தேர்வு இருக்கும். யாராவது அதைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் மேல்நிலையே உச்சம் ஆகிவிடும். ஓவர்ஷூட் எப்போதும் 0. சப்ளை அவ்வளவு அழகாக எழுகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன் ஒருநாள் மதியம் முழுக்க.

இன்னொன்று, அளக்க முடியாதபோது வரும் பதில். ஸ்கோப் "முடியவில்லை" என்று சொல்லாது. 9.9-ஐ 10-இன் 37-ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணை அனுப்பும். ஸ்கிரிப்ட் அதைச் சாதாரண எண்ணாக வாங்கிச் சராசரியில் சேர்த்தால் அன்றைய அறிக்கை முழுவதும் நாசம். அதைப் பிடிக்கும் ஒரு வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இந்த வழியை அறவே தவிர்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு: லோட் டிரான்சியன்ட். சப்ளையிலிருந்து இழுக்கும் கரண்ட்டைத் திடீரென்று குறைத்தால் 3.3 வோல்ட் ஒரு மேடு ஏறி மறுபடி 3.3-க்கே திரும்புகிறது. இதில் இரண்டு மட்டங்களே இல்லை. மேல்நிலையும் அடிநிலையும் ஒன்று. ஸ்கோப் எதையோ எதாலோ வகுத்து ஒரு சதவீதம் சொல்லும். அதற்கு அர்த்தம் கிடையாது. அங்கே அதிகபட்சத்தையும் சராசரியையும் தனித்தனியே வாங்கிக் கழித்துக்கொள்வதே மேல்.

## வழி 2: அலைவடிவத்தையே இறக்கி, கணக்கை நாம் போடுவது

ஸ்கோப்பை ஏடிசியாக (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் கருவி) மட்டும் வைத்துக்கொண்டு மூளை வேலையைக் கணினிக்குக் கொடுப்பது. பைத்தானின் கணித நூலகமான நம்பையில் கணக்கு பத்துப் பதினைந்து வரிக்குள் முடியும்: கடைசிக் கால்பகுதிப் புள்ளிகளின் மீடியன் (நடு மதிப்பு) மேல்நிலை, ட்ரிகருக்கு (அலையைப் பிடிக்க ஸ்கோப்புக்குச் சைகை கிடைக்கும் தருணம்) முந்தைய புள்ளிகளின் மீடியன் அடிநிலை, விளிம்புக்குப் பிறகு நாம் விரும்பும் நேர இடைவெளியில் அதிகபட்சம் உச்சம். வரையறை முழுக்க நம் கையில். 3.465 கோட்டையும் அதே தரவில் சரிபார்க்கலாம். ஸ்கோப்பை மாற்றினாலும் கணக்கு மாறாது. வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அலையை வரைந்து காட்டலாம்.

வேலை இருப்பது கணக்கில் அல்ல, இறக்குவதில். ஸ்கோப் அனுப்புவது வோல்ட் அல்ல, 0 முதல் 255 வரையிலான பச்சை எண்கள். அவற்றை வோல்ட்டாக்கத் தேவையான எண்களை (படியளவு, ஒரிஜின், ரெஃபரன்ஸ்) தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாற்றும் சூத்திரத்திலும் பிராண்டுக்குப் பிராண்டு வித்தியாசம் உண்டு. கீசைட்டில் ரெஃபரன்ஸைக் கழித்து, படியளவால் பெருக்கி, ஒரிஜினைக் கடைசியில் கூட்ட வேண்டும். ரிகோல் டிஎஸ்1000இசட் வரிசையில் ஒரிஜினையும் ரெஃபரன்ஸையும் இரண்டையுமே முதலில் கழித்துவிட்டு அப்புறம்தான் பெருக்கல். ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்கு ஒட்டினால் அலை மேலே கீழே நகர்ந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஓவர்ஷூட் என்பது இரண்டு வித்தியாசங்களின் விகிதம். எனவே நிலையான நகர்வு எவ்வளவு இருந்தாலும், படியளவே தப்பாக இருந்தாலும், சதவீதம் சரியாகவே வரும்! சதவீதம் மட்டும் போதுமென்றால் பச்சை எண்களை வைத்தே கணக்கிடலாம், மாற்றமே வேண்டாம். ஆனால் 3.465 என்ற தனிமட்டத்தோடு ஒப்பிட ஆரம்பித்த அன்றுதான், அதுவரை ஒளிந்திருந்த பிழை வெளியே வரும். 255 வரை போகும் எண்ணைக் குறியுள்ள பைட்டாகப் படித்துவிட்டால் மட்டும் விகிதமும் காப்பாற்றாது. 127-க்கு மேலுள்ளவை மைனஸாகி அலை கிழிந்துபோகும்.

புள்ளிகளின் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். டிஎஸ்1000இசட்டில் சாதாரண முறையில் கேட்டால் திரையில் இருக்கும் 1,200 புள்ளிகள்தான் வரும். ஆழ்ந்த நினைவகத்தைப் படிக்க ஸ்கோப்பை நிறுத்திவிட்டு, ஒரு தடவைக்கு 2,50,000 புள்ளிகளாக வாங்க வேண்டும். 1.2 கோடிப் புள்ளிகள் என்றால் 48 தவணை. 100 மெகாபிட் லேனில் 1 கோடி பைட் கடக்கக் கணக்குப்படியே 0.8 நொடி ஆகும். நடைமுறையில் அதைவிடக் கூடுதல். பைட்டாக வாங்காமல் எழுத்து வடிவில் வாங்கினால் ஒரு பைட் பத்துப் பதினைந்து எழுத்தாக ஊதிக்கொள்ளும். ஒரு விளிம்பைப் பார்க்க 1.2 கோடிப் புள்ளி எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நினைவக ஆழத்தைக் குறைத்து, விளிம்பைச் சுற்றிய சில ஆயிரம் புள்ளிகளை மட்டும் எடுத்தால் காத்திருப்பே இல்லை.

செலவு வேறொரு இடத்தில்: இந்த ஸ்கிரிப்ட் உங்கள் குழந்தை. ஒரு வருடம் கழித்து யாரோ "மேல்நிலைக்கு ஏன் கடைசிக் கால்பகுதி?" என்று கேட்பார்கள். அன்று நீங்கள் வேறு வேலையில் இருப்பீர்கள். காரணத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வையுங்கள்.

## வழி 3: ஸ்கோப்பின் புள்ளிவிவரம்

ஒரே போர்டின் சதுர அலையில் ஆயிரம் விளிம்புகளின் ஓவர்ஷூட் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதுதான் சுருக்கு வழி. புள்ளிவிவரத்தை ஆன் செய்து ஓடவிட்டு, சராசரி, அதிகபட்சம், விலக்கம், எண்ணிக்கை நான்கையும் ஒரேயடியாக வாங்கலாம். கேட்டுக் கேட்டு ஆயிரம் தடவை லேனில் போய்வரும் நேரம் மிச்சம்.

அடுத்த போர்டைப் போடும் முன் ரீசெட் செய்ய மறந்தால் பழைய போர்டின் அதிகபட்சம் புதியதின் தலையில் விழும். அதிகபட்சம் 9.2 என்று வந்தால், அந்த 9.2 எந்த அலையில் வந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. வழி 1-இன் வரையறைச் சிக்கல்கள் எல்லாம் இதற்கும் உண்டு. பவர்-ஆன் போல ஒரு போர்டுக்கு ஒரே ஒரு தடவை நடக்கும் சங்கதிக்கு இது தேவையே இல்லை.

## வழி 4: அளக்காமல், வாசலில் காவல் வைப்பது

பலருக்குத் தோன்றாத வழி. ட்ரிகர் மட்டத்தை 3.465-இல், ஏறு விளிம்பில் வைத்து, சிங்கிள் (ஒரே ஒரு தடவை பிடிக்கும் முறை) போட்டுவிட்டுப் போர்டை ஆன் செய்யுங்கள். ஸ்கோப் ட்ரிகர் ஆனால் ஃபெயில், ஆகாவிட்டால் பாஸ்.

ஸ்கோப் ஓர் அலையைப் பிடித்து, வரைந்து, அடுத்ததற்குத் தயாராகும் இடைவெளியில் குருடு. மற்ற வழிகளில் அந்த இடைவெளியில் நடப்பது தப்பிப் போகும். ஆனால் ட்ரிகருக்குக் காத்திருக்கும் ஸ்கோப் கண் இமைக்காது. ராத்திரி முழுக்க ஓடவிட்டு எப்போதாவது ஒரு தடவை எகிறும் சப்ளையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குறைகளும் கனமானவை. எண் கிடைக்காது, வரம்புக்கு ஒரு மில்லிவோல்ட் கீழே போனவரும் பத்து சதவீதம் கீழே இருந்தவரும் இங்கே ஒன்றுதான். ட்ரிகர் மட்டத்தின் துல்லியம் பொதுவாக அளவீட்டுத் துல்லியத்தைவிடக் குறைவு, ஆகவே வரம்பை ஒட்டிய போர்டுகளுக்கு நம்ப முடியாது. எல்லாவற்றையும்விட, ஆன் ஆகவே ஆகாத செத்த போர்டும் இதில் பாஸாகிவிடும். "3 வோல்ட்டாவது வந்ததா?" என்று இன்னொரு சோதனை கட்டாயம்.

## ஒரே பார்வையில்

| | 1. ஒரே கேள்வி | 2. அலையை இறக்குதல் | 3. புள்ளிவிவரம் | 4. ட்ரிகர் காவல் |
|---|---|---|---|---|
| மேல்நிலையை முடிவு செய்வது | ஸ்கோப் | நீங்கள் | ஸ்கோப் | தேவையில்லை. தனிமட்டம் மட்டும் |
| எழுத ஆகும் காலம் | ஒரு மணி நேரம் | சில நாட்கள் | அரை நாள் | ஒரு மணி நேரம் |
| திரும்பிப் பார்க்க அலை | இல்லை | உண்டு | இல்லை | ஃபெயில் ஆனது மட்டும் |
| ஸ்கோப்பை மாற்றினால் | எண் மாறலாம் | கணக்கு மாறாது | எண் மாறலாம் | ட்ரிகர் துல்லியம் மாறும் |
| பெரிய பொறி | ஒரே பெயர், வேறு வரையறை | வோல்ட்டாக மாற்றும் சூத்திரம் | ரீசெட் மறதி | செத்த போர்டும் பாஸ் |
| பொருந்தும் இடம் | தெளிவான சதுர அலை | பவர்-ஆன், லோட் டிரான்சியன்ட், தகராறு வரக்கூடிய வேலை | தொடர் அலையின் பரவல் | அபூர்வ நிகழ்வு |

## எந்த வழி எடுத்தாலும் தப்பாத வேலைகள்

முதலாவது, சிக்னலை எழுப்புவதும் அளப்பதும் ஒரே ஸ்கிரிப்ட் என்றால் வரும் முட்டுக்கட்டை. சிங்கிள் சொல்லிவிட்டு "முடிந்ததா?" என்று கேட்டு ஸ்கிரிப்ட் உட்கார்ந்துவிடும். ஸ்கோப்போ ட்ரிகர் வரட்டும் என்று காத்திருக்கும். பவர் சப்ளையை ஆன் செய்ய வேண்டிய அடுத்த வரிக்கு ஸ்கிரிப்ட் வரவே வராது. பைவிசா தன் இயல்பான 2 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு டைம்-அவுட் என்று கத்தும். நேரத்தைக் கூட்டினால் கூடுதல் நேரம் காத்திருந்துவிட்டுக் கத்தும், அவ்வளவுதான். சரியான வரிசை: சிங்கிள் சொல்லுங்கள், ஸ்கோப் ட்ரிகருக்குத் தயாராகிவிட்டதா என்று நிலையைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள், தயாரான பிறகு சப்ளையை ஆன் செய்யுங்கள், பிடித்து முடித்ததா என்று மறுபடி கேளுங்கள், அப்புறம்தான் அளவீடு. இதைச் செய்யாமல் நடுவில் சிறிது தூங்கும் வரியைப் போட்டு ஒப்பேற்றினால், ஏதோ ஒரு நாள் முந்தைய போர்டின் அலையையே மறுபடி அளந்து வைத்திருப்பீர்கள்.

இரண்டாவது, செங்குத்து அளவு. 8 பிட் ஸ்கோப்பில் ஒரு டிவிஷனுக்கு 1 வோல்ட், திரையில் 8 டிவிஷன் என்றால் ஒரு படி சுமார் 31 மில்லிவோல்ட். 3.3 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 1 சதவீதம்! வரம்பு 5 என்னும்போது இது கொஞ்சமல்ல. அரை வோல்ட்டுக்கு இறக்கி அலையின் அடியைத் திரையின் அடிமட்டத்துக்குத் தள்ளினால் அது பாதியாகும். அதற்குமேல் இறக்கினால் உச்சம் திரைக்கு வெளியே போய் வெட்டுப்படும், ஓவர்ஷூட் குறைவாகத் தெரியும்.

மூன்றாவது, ப்ரோப், அதாவது போர்டைத் தொடும் அளவுக்கம்பி. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 15 செமீ கிரவுண்ட் ஒயரின் இண்டக்டன்ஸ் சுமார் 150 நானோஹென்றி, ப்ரோப் முனையின் கப்பாசிட்டன்ஸ் சுமார் 10 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் தானாகவே மணி அடிக்கும். வேகமான விளிம்பில் நீங்கள் அளப்பது போர்டின் ஓவர்ஷூட்டா, ஒயரின் ஓவர்ஷூட்டா என்று எந்த நிரலும் பிரித்துச் சொல்லாது. நீள ஒயருக்குப் பதில் ப்ரோப்போடு வரும் சின்ன கிரவுண்ட் ஸ்பிரிங்கைப் போடுங்கள். சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் ப்ரோப்பின் காம்பன்சேஷன் திருகைக் கூடுதலாகத் திருப்பியிருந்தால், மெதுவான சதுர அலைக்கும் கொம்பு முளைக்கும்.

நான்காவதாக, ஸ்கிரிப்டை நம்புவதற்கு முன் விடை தெரிந்த ஒரு கணக்கை அதற்குக் கொடுங்கள். 100 மைக்ரோஹென்றி இண்டக்டர், 10 நானோஃபாரட் கப்பாசிட்டர், ஃபங்ஷன் ஜெனரேட்டரின் 50 ஓமையும் இண்டக்டரின் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்து மொத்தம் 100 ஓம், எல்லாம் தொடராக. 5 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்துக் கப்பாசிட்டரின் மேல் பாருங்கள். டாம்பிங் விகிதம் (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு) 0.5, ஓவர்ஷூட் 16.3 சதவீதம் வர வேண்டும். இண்டக்டரும் கப்பாசிட்டரும் 5 சதவீதம் முன்பின் இருந்தால் 14-க்கும் 18.5-க்கும் நடுவே விழும். வெளியே விழுந்தால் குற்றம் ஸ்கிரிப்டிலோ ப்ரோப்பிலோதான்.

## 200 போர்டுக்கு நான் செய்வது

வரையறை 3.3-இன் மேல் 5 சதவீதம் என்பது உறுதியானதும் வழி 2-ஐத்தான் எடுப்பேன், ஆனால் 1-ஐயும் பக்கத்தில் ஓடவிடுவேன். ஒவ்வொரு போர்டுக்கும் ஸ்கோப் சொன்ன எண்ணும் என் கணக்கு சொன்ன எண்ணும் ஒரே வரிசையில் பதிவாகும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 சதவீதப் புள்ளிக்கு மேல் போனால் ஸ்கிரிப்ட் நின்று என்னைக் கூப்பிடும். இரண்டும் ஒத்துப்போகாத போர்டுகளில்தான் இதுவரை சுவாரசியமான கோளாறுகள் கிடைத்திருக்கின்றன: கழன்ற கிரவுண்ட், நிலைகொள்ளாத சப்ளை, ஒரு தடவை தப்பாகச் சாலிடர் செய்த கப்பாசிட்டர்.

பத்தே போர்டு, தெளிவான சதுர அலை, அறிக்கை கேட்க ஆளில்லை என்றால் வழி 1 போதும். அதற்குமேல் உழைப்பது வீண். ஆயிரக்கணக்கில் போகும் உற்பத்தி வரிசை என்றால் 1-ஐ முன்னால் நிறுத்தி, 4 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் இடையில் வந்தவை, 0 வந்தவை, அந்த 37-ஆம் அடுக்கு எண் வந்தவை இவற்றுக்கு மட்டும் அலையை இறக்கச் சொல்லுவேன். இறக்கும்போது வோல்ட்டாக மாற்றும் எண்களையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள். பச்சை எண்கள் மட்டும் கோப்பில் இருந்தால் ஆறு மாதம் கழித்து அது எத்தனை வோல்ட் என்று ஸ்கோப்புக்கும் ஞாபகம் இருக்காது.